எஸ்பிரெஸோ: பெயர் முந்தி, பானம் பிந்தி

எஸ்பிரெஸோ என்பது கொட்டையின் வகையும் அல்ல, வறுக்கும் பதமும் அல்ல. காபி இறக்கும் முறை. இத்தாலியச் சொல்லான இதன் வேர், பிழிந்தெடுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. இத்தாலியப் பேச்சில் இதற்கு இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு: விரைவு, ஒருவருக்கென்றே தனியாகச் செய்தது. விரைவு ரயிலுக்கும் இதே பெயர்தான்.

காபிக்கு முதலில் பொருந்தியவை இந்தப் பின்னிரண்டுமே என்பது என் கருத்து. 1884இல் டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோண்டோ காப்புரிமை பெற்ற ஆவி இயந்திரம் மொத்தமாகக் காபி இறக்கியது. 1901இல் மிலானின் லூயிஜி பெத்ஸேரா, கைப்பிடி வைத்த சல்லடைக் கிண்ணத்தில் தூளை இட்டு, கேட்டவருக்குக் கேட்ட கோப்பையை அப்போதே இறக்க வழி செய்தார். அந்தக் காப்புரிமையை வாங்கி இயந்திரத்தைப் பரப்பியவர் தெசிதேரியோ பவோனி. விக்டோரியா அர்துயினோ நிறுவனத்துக்காக லியோனெத்தோ கப்பியெல்லோ 1922இல் வரைந்த விளம்பரத்தில், ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் எட்டிச் சாய்ந்து காபி பிடிக்கிறார். அன்று அந்தச் சொல் எதை நினைவூட்டியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பிழிதல் அப்போது பெயருக்குத்தான். ஆவியின் அழுத்தம் இரண்டு பாரைத் தாண்டவில்லை. கொதிநீர் பட்டுக் காபி கருகிக் கசந்தது. மேலே நுரையும் இல்லை.

சொல்லின் வேர்ப்பொருளை மெய்யாக்கியவர் அக்கிலே காஜியா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அவருடைய இயந்திரத்தில் நெம்புகோலைக் கீழே இழுத்தால் வில் சுருங்கும், உந்துதண்டு மேலேறும், வெந்நீர் உள்ளே புகும். கையை விட்டதும் வில் விரிந்து, அந்த நீரைத் தூளின் வழியே எட்டு ஒன்பது பார் அழுத்தத்தில் தள்ளும். கொட்டையின் எண்ணெயும் கரியமில வாயுவும் சேர்ந்து பொன்னிறப் படலமாய் மேலே நிற்கும். அதுதான் கிரேமா. 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் வில்லின் வேலையை மின்பம்பிடம் கொடுத்தது.

நம் கல்யாண மண்டபங்களில் 'எக்ஸ்பிரஸோ காபி' என்று தருவது இன்ஸ்டன்ட் தூள் போட்ட பாலை ஆவிக்குழாயால் சூடாக்கி நுரைத்தது. அதற்கென்று ஒரு ருசி உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பிழிதல் கிடையாது. கடையில் எஸ்பிரெஸோ கேட்டால் பாலைப் பார்க்காதீர்கள். தூளைக் கிண்ணத்தில் அழுத்தி வைக்கிறார்களா, இருபத்தைந்து முப்பது விநாடி கெட்டியாக ஒழுகுகிறதா என்று பாருங்கள்.