வடசென்னை: கத்திக்கு முன்பே நிலம் இருந்தது

கண்ணகி நகரில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘வடசென்னை’ பார்த்தோம். ‘ஏ’ சான்றிதழ் படம் என்பதால் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். படம் முடிந்ததும் தனுஷைப் பற்றியும் சிறைச் சண்டையைப் பற்றியும்தான் பேச்சு ஓடும் என்று நினைத்தோம். முதலாண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “ராஜன் சாகாம இருந்திருந்தா நாம இங்க வந்திருப்போமாக்கா?”

2018 அக்டோபரில் படம் வந்தபோது ரத்தத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். அந்தப் பெண் கேட்டதை எழுதியவர்கள் குறைவு. வெற்றிமாறன் எடுத்தது ரவுடிகளின் கதை என்பது பாதி உண்மைதான். 1987இல், ரத்தம் காயாத கத்திகளோடு நான்கு பேர் ஓர் உணவகத்துக்குள் நிற்பதில் படம் தொடங்குகிறது. செத்தவன் யார், ஏன் செத்தான் என்பது வெகுநேரம் கழித்தே தெரிகிறது. மக்களை அப்புறப்படுத்திவிட்டுச் சாலை போட வந்தவர்களுக்கு எதிராக நின்ற ராஜன்தான் அவன். அவனோடு வளர்ந்தவர்களே அவனைக் கொல்கிறார்கள். பிறகு அதே ஆட்கள், அதே மண்ணை விட்டுப் போகச்சொல்லி மக்களிடம் பேச வருகிறார்கள். கொலைக்கு மேல் கொலையாக அடுக்கப்பட்ட படத்தில் கடைசிவரை மாறாமல் நிற்கும் கேள்வி, கரை யாருக்கு என்பதே.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் நகரம், வெளியே இருந்தது கறுப்பர் நகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் போர்களை ஒட்டிப் பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் வடக்கே தள்ளிப்போனார்கள். அந்தப் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது! புதிய கறுப்பர் நகரத்துக்கு 1911இல் ஆங்கிலேய அரசரின் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, இருக்கும் இடத்திலேயே மாடிவீடு கட்டித் தருவதும் அதன் வேலையாக இருந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகர் வந்தது, பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். காசிமேட்டிலிருந்து எங்கள் வகுப்பு நடக்கும் இடம் இருபது கிலோமீட்டருக்கும் மேல்.

ராஜன் யோக்கியன் இல்லை, கடத்தல்காரன். படம் அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு மன்றத்தையும் கேரம் போர்டையும் கொடுக்கிறான். தற்செயலாக, அதே 1987இல்தான் ‘நாயகன்’ வந்தது. அங்கேயும் குடிசைகளை இடிக்க வருகிறார்கள், ஒரு தனி மனிதர் காப்பாற்றுகிறார், மக்கள் கும்பிடுகிறார்கள். இங்கே காப்பாற்ற வந்தவன் சாக, மிஞ்சுவது அந்த மன்றம். கேரம் ஏதோ கதைக்காகச் சேர்த்த அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சாம்பியன். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ‘ரவுடி ஏரியா’ என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிப் பாருங்கள்.

எங்களுக்குப் படத்தோடு சண்டையும் உண்டு. மீனவ மக்கள் தங்களைச் சித்திரித்த விதத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார்கள், இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அது வெளியே தெரிந்த சண்டை. எங்களுடையது வேறு. கிட்டத்தட்ட மூன்று மணிநேரப் படத்தில் சாதி வாய் திறக்கவே இல்லை. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் புளியந்தோப்பும் வியாசர்பாடியும். ஆலையிலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் துப்புரவிலும் உழைத்த தலித் மக்கள் இல்லாமல் என்ன வடசென்னை? 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் புளியந்தோப்பில் எரிந்தன. எம்.சி. ராஜா அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசினார். தொழிற்சங்க வரலாறு அந்தப் போராட்டத்தைக் கொண்டாடும்போது எரிந்த சேரியை ஒரு வரியில் தாண்டிப்போகும். 2014இல் பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வியாசர்பாடியின் சுவரைக் காட்டிய பிறகும் ‘வடசென்னை’ அந்தப் பக்கம் திரும்பவில்லை. இவ்வளவு நுணுக்கமாகச் சிறையைக் காட்டத் தெரிந்தவருக்கு இது தெரியாதா என்ன!

இருந்தும் இந்தப் படத்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுகிறோம். அடியாளுக்குப் பின்னால் கட்சியும், கட்சிக்குப் பின்னால் திட்டமும், திட்டத்துக்குப் பின்னால் நிலமும் இருப்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன தமிழ்ப் படம் எங்களுக்கு வேறு தெரியவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் ‘கண்ணகி நகர்’ என்று எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் எங்கெங்கே குடியிருந்தார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். அடுத்த வாரம் அவள் நோட்டில் அவளுடைய ஆயாவின் ஐந்து முகவரிகள் இருந்தன. முதல் நான்குக்கும் தெருப்பெயர் உண்டு. ஐந்தாவதில் பிளாக் எண்ணும் கதவு எண்ணும் மட்டும்.