ஜீனோவும் பொட்டிப்புரமும்

கம்பத்தில் மாமா வீட்டுப் பரணில் ஒரு பைண்டு புத்தகம் கிடந்தது. விகடனில் வாரா வாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. நடுவில் நாலைந்து வாரம் காணோம். அதைப் பள்ளி விடுமுறையில் நானே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டேன்.

எண்பதுகளில் எழுதப்பட்ட கதை, நடப்பதோ 2021-இல். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசாங்கம் அனுமதி தரவேண்டும். ஜீவா என்றொரு சர்வாதிகாரி, கணவனைத் தேடும் நிலா, பேசுகிற ரோபோ நாய் ஜீனோ. தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ‘மீண்டும் ஜீனோ’ என்று அடுத்த பாகமும் வந்தது.

எழுதியவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். கணையாழியின் கடைசிப் பக்கங்களுக்காக அவரை மதித்த சிற்றிதழ் உலகம், இந்த மாதிரித் தொடர்கதைகளை வணிக எழுத்து என்று ஒதுக்கியது. வாசகர்களான நாங்களும் ஒழுங்கா வாசித்தோமா என்றால், இல்லை. ஜீனோவைத்தான் கொண்டாடினோம். தமிழில் அறிவியல் புனைவு என்றால் எந்திர வேடிக்கை என்றே ஆகிப்போனது. வேடிக்கையைத் தாண்டி, நம் மரபின் கேள்விகளோடு ஜெயமோகன் ‘விசும்பு’ கதைகளை எழுதியது பிறகுதான்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. வாரக்கடைசித் திருப்பத்துக்காகவே சில அத்தியாயங்கள் ஓடுகின்றன. ஆனால் அதன் மையம் நாய் இல்லை. ஜீவா என்று ஆளே கிடையாது, அது வெறும் ஹோலோகிராம் என்று தெரியவரும் இடம்தான். எந்திரம் என்ன செய்யும் என்பதல்ல, அதன் பின்னால் நிற்பது யார் என்பதே கேள்வி.

இது எனக்குப் புரிந்தது நியூட்ரினோ விவகாரத்தில். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து, சுமார் 1,500 கோடி ரூபாயில் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. “நியூட்ரினோன்னா என்னடா, வெடிக்குமா?” என்றார் மாமா. ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாய் நம் உடம்புக்குள்ளேயே புகுந்து போகிறது, ஒன்றும் செய்யாது என்று உற்சாகமாக விளக்கினேன்.

“அது சரி மாப்ள. சுரங்கத்துக்கு வெடி வைப்பாங்கள்ல? மலை ஊத்து என்னாகும்? யார்கிட்ட கேக்குறது?”

என்னிடம் பதில் இல்லை. நான் துகளைப் பற்றிப் பேசினேன். அவர் மலையைப் பற்றிக் கேட்டார். 2018-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஆய்வகம் வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாமாவின் கேள்வியைத் தாண்டிப் போய் அதைக் கட்ட முடியாது.

பைண்டு புத்தகத்தை இந்தப் பொங்கலுக்கு மறுபடி எடுத்தேன். மாமா ஏற்கனவே ரெண்டு தடவை படித்துவிட்டாராம்.