காக்கைக்கொல்லி கூறும் கதை

பொழுது புலருமுன்னே போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்குக் கூலிவேலைக்கு ஏறுகின்றனர் நம் தாய்மார். அவர்களில் ஒருத்தி வலிப்புக் கண்டு வழியில் வீழ்ந்தால் நாம் செய்வது என்ன? கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம்! ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுக்கு வழிவிட வேண்டுமென்பது நினைவுக்கு வருவதில்லை. முனி அடித்தது என்பார் ஒருவர். முன்வினை என்பார் மற்றொருவர். நோய்க்குப் பெயரோ காக்காய் வலிப்பு! கால் கை வலிப்பு என்பதே நாவில் தேய்ந்து இப்படி ஆயிற்று என்பாருண்டு. காக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால், காக்கையின் பெயர்தாங்கிய கொடியொன்றுக்கு உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் படர்வது காக்கைக்கொல்லி. அதன் காயை இடித்து நீரில் கலக்கி மீனை மயக்கிப் பிடிப்பது பழைய வழக்கம். கப்பலேறிச் சென்ற அக்காயை, இங்கிலாந்திலே பீர் மதுவில் போதைக்காகக் கலந்து விற்ற நாணயமற்ற வணிகரும் இருந்தனர். 1812-இல் பிரெஞ்சு வேதியியலார் புல்லே அதன் கசப்பு நஞ்சைப் பிரித்தெடுத்தார். பிக்ரோடாக்சின் என்பது அதன் பெயர். போதிய அளவில் எலிக்குச் செலுத்தினால் எலி துடிதுடித்து வலிப்புக் காணும். எலியை அடித்த முனி எது? எந்தப் பிறவியில் எந்த எலி என்ன பாவம் செய்தது?

விடை மூளையின் வேதியியலில் இருந்தது. 1950-இல் அமெரிக்க அறிஞர் யூஜின் ராபர்ட்ஸ் சுண்டெலி மூளையில் 'காபா' என்னும் பொருளைக் கண்டார். நரம்பணுவின் மீதுள்ள நுண்கதவைத் திறந்து, குளோரைடு அயனிகளை உள்ளே விட்டு, அணுவின் கொதிப்பை அடக்குவது அப்பொருள். பிக்ரோடாக்சின் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. அடக்குவாரின்றி அணுக்கள் ஒருசேரக் கொந்தளிக்கின்றன. உடல் வெட்டி இழுக்கிறது. எண்டோசல்பான் அடைப்பதும் இதே வாயிலைத்தான்! 2011-இல் உச்சநீதிமன்றம் தடுக்கும் வரை நம் நாட்டுத் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட நஞ்சு அது. மருந்து தெளித்தவன் வலித்து வீழ்ந்தபோதும் மலைத்தெய்வத்தின் சினமென்று சொல்ல ஆளிருந்திருக்கும்!

1960-களில் கோடார்டு இன்னொன்றைக் காட்டினார். வலிப்பூட்டாத சிறு மின்தூண்டலை நாள்தோறும் எலி மூளைக்குக் கொடுத்துவந்தார். சில நாட்களில் அதே சிறு தூண்டலுக்கே எலி வலிப்புக் கண்டது. சுள்ளியில் பற்றிய பொறி கட்டையில் ஏறுவதுபோல மூளையே மாறிவிட்டது. வலிப்பை வளரவிடாது தொடக்கத்திலேயே அடக்கவேண்டும் என மருத்துவர் வற்புறுத்துவதற்கு இத்தகைய ஆய்வுகளும் துணை நிற்கின்றன.

அடக்க மருந்தும் உண்டு. 1912-இல் ஹவுப்ட்மன் வலிப்புக்குப் பயன்படுத்திய பீனோபார்பிட்டால், காபா திறக்கும் கதவை நீண்டநேரம் திறந்துவைப்பது, விலையும் மலிவு. 1930-களின் இறுதியில் பூனைகளிடம் சோதித்து மெரிட்டும் புட்னமும் பெனிட்டாயினைத் தந்தனர்.

இத்தனைக்கும் பின்னர், 1976-இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியோர் செய்ததென்ன? அடிக்கடி வலிப்பு வருவோர் மணக்கத் தகுதியற்றோர் என எழுதினர்! 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் விட்டாலும் சம்பந்தி விடுவதில்லை. ஆகவே நோயை மறைத்து மணமுடிக்கின்றனர். புகுந்த வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று பெண் மாத்திரையை நிறுத்துகிறாள். நிறுத்தியதும் வலிப்பு மீண்டும் வருகிறது. கையில் சாவியைத் திணிக்க அங்கும் ஆளிருக்கிறது.