சுமக்கும் அசுரர்: குன்றத்தூர்த் தலபுராணமும் கிரேக்கத்து அட்லஸும்

இலக்கிய வரலாற்றில் குன்றத்தூர், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊராகவே அறியப்படுகிறது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியை நோக்கி நெருக்கமாக வளர்ந்துவிட்ட அவ்வூரின் குன்றின்மேல் ஒரு முருகன் கோயில் உள்ளது. அதன் தலபுராணம், அதாவது கோயில் தோன்றிய காரணத்தை உரைக்கும் வழிவழிக் கதை, திருப்போரூரில் அசுரரை வென்ற முருகன் திருத்தணிக்குச் செல்லும் வழியில் இக்குன்றில் தங்கி, அடிவாரத்தில் கந்தழீசுவரராகிய சிவனை வழிபட்டான் என்கிறது. அவன் சினம் முற்றும் அடங்குவது திருத்தணியில்தான் என்பதால், குன்றத்தூர் போருக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட தங்கலாகிறது. தோற்றவர் கதி என்ன என்பதோடு நில்லாமல், வென்றவன் தன் சினத்தோடு எங்கே போவான் என்றும் கேட்ட மரபு இது.

பண்டைக் கிரேக்கர் இரண்டாம் கேள்விக்கு அவ்வளவு இடம் தரவில்லை. கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியோட் என்னும் புலவர் கூறும்படி, மூத்த தெய்வ இனத்தவரான டைட்டன்கள், ஜீயஸின் தலைமையிலான இளைய தெய்வங்களோடு பத்தாண்டு பொருது தோற்றுப் பாதாளத்தில் அடைக்கப்பட்டனர். அவ்வினத்து அட்லஸ் உலகின் மேற்கு எல்லையில் நின்று தலையாலும் கைகளாலும் வானைத் தாங்கும்படி விதிக்கப்பட்டான். கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் புலவர் பிண்டார், ஜீயஸ் டைட்டன்களை விடுவித்துவிட்டதாகப் பாடும் அதே இடத்தில், அட்லஸ் இன்னும் வானச் சுமையோடு போராடுவதாகச் சொல்கிறார். சுமையை இறக்கினால் வானமே விழும் என்பதால், மன்னிப்பு வந்தாலும் அவனுக்கு ஓய்வு வர வழியில்லை போலும்.

தமிழ் மரபிலும் தோற்ற அசுரர் சுமக்கவே செய்கின்றனர். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்தில், மாமரமாய் நின்ற அசுரர் தலைவன் சூரபதுமன் முருகனின் வேலால் பிளவுண்டு, சேவலாகிக் கொடியில் அமர்கிறான், மயிலாகி முருகனைச் சுமக்கிறான். அவன் தம்பியருள் சிங்கமுகன் தேவிக்குச் சிங்கமாகவும் தாரகன் ஐயனாருக்கு யானையாகவும் ஆயினர் என்பதும் வழக்கு. அட்லஸைப் போல உலகின் ஓரத்தில் தனித்து நிறுத்தப்படாமல், தெய்வங்களின் பக்கத்திலேயே அவர்கள் வைக்கப்பட்டனர். ஐப்பசியில் சூரசம்காரம் கண்ட அடியவர், முருகனோடு அந்த மயிலையும் சேர்த்தே வணங்குகின்றனர்.

இம்மரபின் உட்கருத்தைச் சேக்கிழாரே பெரியபுராணத்தில் எழுதியிருக்கிறார். திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகங்களில், பெரும்பாலும் எட்டாம் பாடலில், கயிலையைப் பெயர்க்க முயன்று சிவனின் கால்விரலால் மலையடியில் நசுக்குண்ட இராவணன் வருகிறான். அதை வெறும் பாடல் வழக்கமாகக் கொள்ளாத சேக்கிழார், பிழை செய்தவரும் வந்தடைந்தால் இறைவன் ஏற்றுக்கொள்வான் என்று காட்டவே, நசுக்குண்டபின் இசை பாடி அருள் பெற்ற அவனைச் சம்பந்தர் பாடினார் என்கிறார். அவனுக்குச் சிவன் வாளும் நீண்ட வாழ்நாளும் அளித்ததையும் தேவாரம் கூறுகிறது. பின்னர் இராமனிடம் அவன் பட்டது தனிக் கதை.