உணவுக்குழாய்ப் புற்றின் வரம்புக்குட்பட்ட மறுதோன்றலும் ‘நோய் முன்னேறாக் காலம்’ என்னும் அளவுகோலும்

உணவுக்குழாய் அறுவையால் அகற்றப்பட்டபின் ஓரிரு இடங்களில் மட்டும் புற்று மீண்டும் தோன்றும்போது, அவ்விடங்களை அறுத்தோ கதிர்வீச்சால் அழித்தோ நீக்குவதால் ஆயுள் நீள்வதாகக் கூறுவது தெரிவுப் பிழையே, அதாவது எவ்வாறாயினும் நெடுநாள் வாழ்ந்திருக்கக் கூடியோரே அச்சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்றொரு கருத்து வேரூன்றியுள்ளது. பழைய பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்து எழுதப்பட்ட ஆய்வுகளைப் பொறுத்தவரை இதை மறுப்பது கடினம். ஆனால், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்தப்பட்டு 2024இல் வெளியான ‘ஈஎஸ்ஓ-ஷாங்காய் 13’ ஆய்வுக்கும் அதையே நீட்டிப்பது பொருந்தாது.

முதற்கட்டி கட்டுப்படுத்தப்பட்டு, நான்குக்கு மேற்படாத பரவற்கட்டிகள் கொண்டிருந்த செதிள்செல் புற்றுநோயாளிகள் 104 பேர் அதில் இடம்பெற்றனர். மருந்து மட்டும் பெற்றோரிடம் நோய் முன்னேறாக் காலத்தின் இடைநிலை அளவு 6.4 மாதங்களாகவும், மருந்தோடு கட்டிகளுக்கு நேரடிச் சிகிச்சையும் பெற்றோரிடம் 15.3 மாதங்களாகவும் இருந்தது. அழிக்கப்பட்ட கட்டி வளர இயலாது, ஆகவே இவ்வளவுகோல் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்தது என்பது எதிர்வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், புதிய இடத்தில் கட்டி தோன்றுவதும் முன்னேற்றமாகவே கணக்கிடப்படுவதால், கண்ணுக்குத் தெரியாத நோய் உடலெங்கும் விரவியிருந்திருப்பின் பழைய கட்டிகளை என்ன செய்தபோதிலும் புதியவை அக்காலத்தை விரைவில் முடித்துவைத்திருக்கும். ஏறத்தாழ ஒன்பது மாத இடைவெளி, ஒரு பகுதியினரிடமேனும் நோய் உண்மையாகவே கண்டறியப்பட்ட இடங்களுக்குள் அடங்கியிருந்ததைக் காட்டுவதாகக் கொள்ளலாம். எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் நோயாளியும் அறிந்திருந்தனர் என்பதும், முதற்கட்டி அறுவையாலன்றிக் கதிர்வீச்சால் கட்டுப்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டனர் என்பதும் இம்முடிவின் வீச்சைக் குறைக்கின்றனவேயன்றி அதன் திசையை மாற்றுவதில்லை.

இதற்கு மாறாக ஜெர்மனியின் ‘ரெனசான்ஸ்’ ஆய்வு சிலரால் எடுத்துக்காட்டப்படுகிறது. அது வயிற்றிலும் உணவுக்குழாய்ச் சந்திப்பிலும் எழும் சுரப்பித்திசுப் புற்றைப் பற்றியது. முதற்கட்டி உடலிலேயே இருக்க, பரவலும் உடன்காணப்பட்டோரிடம் பேரறுவை பயன் தருமா என்பதே அங்கு வினா. அவ்வறுவையை முன்பே கடந்து தேறியவருக்கு அதன் விடை எவ்வாறு பொருந்தும்?

ஓருறுப்பில் மூன்று கட்டிகள் வரை, அல்லது வட்டாரத்துக்கு அப்பாற்பட்ட ஒரே நிணநீர்க்கணுத் தொகுதி என்ற, வரம்புக்குட்பட்ட பரவலுக்கான ஐரோப்பிய வல்லுநர்களின் வரையறை எண்ணிக்கையை முன்னிறுத்துகிறது. அறுவை முடிந்து ஆறு மாதத்தில் கல்லீரலில் தோன்றும் ஒற்றைக் கட்டியும், மூன்றாண்டு கழித்து நுரையீரலில் தோன்றும் மூன்று முடிச்சுகளும் இவ்வெண்ணிக்கையின்படி ஒரே வகை. நோயின் இயல்பின்படி அவை ஒன்றல்ல. சிகிச்சை என்று வரும்போது அவ்வல்லுநர்களே இரண்டாண்டு இடைவெளியை எல்லையாக்கி, அதற்குட்பட்டோருக்கு முதலில் மருந்தும் மறுமதிப்பீடும், அதற்கு அப்பாற்பட்டோருக்கு நேரடிச் சிகிச்சையை முதலிலேயேயும் தரலாம் என்பது, காலமே வலிய அளவுகோல் என்பதை மறைமுகமாக ஒப்புவதாகும்.

கட்டி அமைந்த இடமும் தனித்துக் கருதற்குரியது. அறுவைக்கு முன்பே 41.4 கிரே கதிர்வீச்சு பெற்ற மார்புப் பகுதிக்குள் கணு மீண்டும் வீங்கினால், முழு அளவை மறுபடியும் செலுத்துவது மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கு மாற்றாக மேலிழுக்கப்பட்ட இரைப்பைக்கும் புரையோடும் ஆபத்தைத் தரும். முந்தைய கதிர்வீச்சு எட்டாத கழுத்துக் கணுவிலோ நுரையீரல் ஓரத்திலோ அத்தகைய தடை பெரும்பாலும் எழுவதில்லை.