சிறு மாதிரியும் நம்பிக்கை ஆயிடையும்: ஒரு வரலாற்று நோக்கு

குடித்தொகை முழுவதையும் அளந்து அதன் இடையைக் காண்பது பெரும்பாலும் இயலாத கருமம். ஆதலின், மாதிரியொன்றின் இடையைக் கொண்டு குடித்தொகையின் இடையை மதிப்பிடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வானியலாளர் இவ்வழியை நன்கறிந்திருந்தனர். எனினும், அவர்தம் கணிப்பு நோக்கல்கள் பல உள்ளவிடத்தே பொருந்துவதாயிற்று. நான்கே நோக்கல்கள் கிடைக்குமாயின் செய்வது யாது? இவ்வினா பல்கலைக்கழகத்திலன்றி, பியர்த் தொழிற்சாலையொன்றிலே கூர்மை பெற்றது.

வில்லியம் சீலி கொசெற் (1876–1937) ஒக்ஸ்போட்டிற் கணிதமும் இரசாயனமும் பயின்று, 1899 இல் டப்ளின் நகரின் கின்னஸ் நிறுவனத்திற் சேர்ந்தவர். பார்லி வகைகளை ஒப்பிடும் வயற்பரிசோதனைகள் ஆண்டுக்கொருமுறையே கைகூடுவன. நூறு நோக்கல்கள் சேரும்வரை காத்திருக்க எந்த நிறுவனமும் உடன்படாது. 1906 இல் இலண்டன் சென்று கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்திற் பயின்றார். பெருமாதிரிகளையே கையாண்ட பியர்சனுக்கு இச்சிக்கல் அத்துணை முக்கியமாகப்படவில்லை. ஆயினும், 1908 இல் அவரது ‘பயோமெற்றிக்கா’ சஞ்சிகையே கொசெற்றின் கட்டுரையை வெளியிட்டது. ஊழியர் பெயர் வெளிவருவதை நிறுவனம் விரும்பாமையின், ஆசிரியர் பெயர் ‘மாணவன்’ என்றே அமைந்தது.

குடித்தொகையின் நியம விலகல் தெரியாதவிடத்து மாதிரியின் நியம விலகலையே பயன்படுத்த நேரும். சிறு மாதிரியில் அதுவும் தளம்பும். பலவேளை உண்மைப் பெறுமானத்திற் குறைந்தும் நிற்கும். செவ்வன் பரம்பலை நம்பியோர் தம் முடிவுகளில் மிகையான உறுதி கொண்டமைக்கு இதுவே காரணம். கொசெற் இதற்கெனப் புதிய பரம்பலொன்றைக் கண்டு, அதனைச் சோதிக்க 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகளாக்கினார். கணனி இல்லாத காலத்தில் இஃது எத்துணை பொறுமையை வேண்டியிருக்கும்! அவர் நிறுவலின் குறையை 1912 இல் இளைஞரான பிஷர் வடிவகணித வழியில் நிறைவுசெய்தார்.

அக்கட்டுரையின் உதாரணமொன்றில், துயில் தரும் மருந்துகள் இரண்டு பத்து நோயாளருக்குக் கொடுக்கப்பட்டன. துயிலின் வேறுபாட்டு இடை 1.58 மணி, நியம விலகல் 1.23. செவ்வன் பரம்பலின் 1.96 ஐக் கொண்டால், 95 சதவீத ஆயிடை 0.82 முதல் 2.34 வரை, கொசெற்றின் பரம்பல் தரும் 2.262 ஐக் கொண்டாலோ, 0.70 முதல் 2.46 வரை. விரிந்த ஆயிடையே நேர்மையானது.

ஆனால் கொசெற் ‘ஆயிடை’ கூறினாரல்லர். இரண்டாவது மருந்தே சிறந்தது என்பதற்கு ஏறத்தாழ 666 க்கு 1 என வாய்ப்பே கூறினார். இத்தகைய கூற்றையே போலந்து நாட்டவரான நேமன் பின்னர் விலக்கினார். 1934 இல் இலண்டன் அரச புள்ளிவிபரவியற் கழகத்தில் முன்வைத்து, 1937 இல் விரித்துரைத்த அவர் கொள்கைப்படி, குடித்தொகையின் இடை நிலையானது. மாதிரிக்கு மாதிரி மாறுவது ஆயிடையே. மீண்டும் மீண்டும் மாதிரி எடுப்பின், அவ்வாறு அமையும் ஆயிடைகளில் 95 சதவீதமானவை உண்மை இடையை உள்ளடக்கும். கையிலுள்ள ஓர் ஆயிடை பற்றி அச்சதவீதம் எதுவும் உரைப்பதில்லை.

1934 ஆம் ஆண்டுக் கூட்டத்திலேயே பௌலி, இந்த ‘நம்பிக்கை’ வெறும் ஏமாற்றுவித்தையோ என ஐயுற்றார். அவ்வையம் முற்றிலும் தவறன்று: ஆய்வாளன் அறிய விழைவது தன் கையிலுள்ள பத்து நோயாளரைப் பற்றியே, நேமன் தருவதோ முறையின் தரத்தை. பாடநூல்கள் கொசெற்றின் அட்டவணையையும் நேமனின் விளக்கத்தையும் ஒரே கொள்கைபோற் பிணைத்து, இப்பிளவை மறைத்துவிடுகின்றன. பிஷரோ நேமனின் விளக்கத்தை ஏற்காது, தாம் 1930 இல் முன்வைத்த வேறொரு கொள்கையையே 1962 இல் மறையும்வரை பற்றிநின்றார்.