கழிவிரக்கமும் கலையும்

செய்த பிழையை உணர்ந்து வருந்தும் உள்ளத்தைக் கண்ணாற் காணும் வடிவில் அமைப்பது கலைஞர்க்கு அரிய செயலாகும். உள்ளத்து மாற்றத்துக்கு நிறமுமில்லை, உருவமுமில்லை. இவ்வருஞ் செயலை மேனாட்டவரும் தமிழரும் வெவ்வேறு வழியில் முடித்தனர்.

வெனிசு நகரத்து ஓவியர் திசியானோ, மகதலா மரியாளின் கழிவிரக்கத்தைப் பலமுறை தீட்டினார். 1530ஆம் ஆண்டுகளில் எழுதிய படத்தில் அவ்வம்மையார்க்குக் கூந்தலே ஆடை. 1560ஆம் ஆண்டுகளில், முதுமையில், எழுதிய படத்தில் உடலை ஆடை போர்த்தியுள்ளது. முன்னே மண்டையோட்டின்மேல் விரித்த வேதநூல். அருகே தைலக் குப்பி. வானோக்கிய விழிகளில் நீர். இப்பிந்திய படம் இன்று உருசியாவின் எர்மித்தாசு அரும்பொருளகத்தில் உள்ளது.

இவ்விரு காலத்துக்கும் இடையே திருச்சபையிற் பெரும் பூசல் நிகழ்ந்தது. லூதர் 1517இல் தொடங்கிய எதிர்ப்பு, பாவசங்கீர்த்தனம், திருவுருவ வணக்கம் முதலியவற்றை ஐயத்துக்குள்ளாக்கிற்று. 1545இற் கூடிய திரெந்து சங்கம் அவற்றை நிலைநாட்டி, 1563இல், திருவுருவங்களிற் காமச்சுவை கலத்தலாகாது எனவும் விதித்தது. அதன்பின் அழுகின்ற பேதுருவும், கல்லால் மார்பிலடிக்கும் எரோணிமுவும் ஓவியங்களிற் பெருகினர். அவ்வலை தமிழையும் எட்டிற்று: என்றீக்கே அடிகளார் பாவசங்கீர்த்தனம் பற்றி எழுதிய தமிழ் நூல் 1580இற் கொச்சியில் அச்சேறியது.

ஆயின், மகதலா மரியாள் ஒழுக்கம் தவறியவர் என நற்செய்தி நூல் எதுவும் கூறவில்லை. லூக்கா கூறும் பெயரறியாப் பாவிப் பெண்ணை அவரோடு ஒன்றாக்கியவர், 591ஆம் ஆண்டளவில் மறையுரையாற்றிய பாப்பரசர் கிரகோரியார். 1969இல் உரோமைத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தியபோது இக்கலப்பை விலக்கிற்று. ஓர் அம்மையார் தாம் செய்யாத பிழைக்காக ஓவியங்களிற் பல நூற்றாண்டு அழுதார் எனலாம்.

சைவ உலகில் ஒப்புநோக்கத் தக்கவர் திருநாவுக்கரசர். கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான இவர், சமணம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பெற்று, பின் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டார் என்பர் சேக்கிழார். கழிந்த நாட்களுக்கு அவர் இரங்கியமை அவர்தம் பதிகங்களிற் புலனாகும். எனினும், படிமக் கலைஞர் அவரைக் கண்ணீரோடு வார்க்கவில்லை. கூப்பிய கையும் தோளிற் சாய்ந்த உழவாரமுமே அவர்க்குரிய அடையாளங்கள். கோயில் வீதியிற் புற்செதுக்கும் கருவி அவ்வுழவாரம். 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பொலநறுவையிற் கிடைத்த சைவப் படிமங்களுள் இவர் திருவுருவமும் ஒன்று.

திசியானோவின் ஓவியம் மனந்திரும்பிய கணத்தைக் காட்டுகின்றது. நாவுக்கரசர் படிமமோ திரும்பியபின் வாழ்ந்த வாழ்வைக் காட்டுகின்றது. முன்னதிற் கண்ணீர் சான்று; பின்னதிற் கைத்தொண்டு சான்று. நூல் பல கற்றுத் தலைமை பெற்றிருந்த ஒருவர் புற்செதுக்கும் கருவியை ஏந்தினார் என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

மண்வெட்டியைத் தோளிற் சுமந்து மலையேறும் மக்கள் வாழும் கொத்மலையில், உழவாரத்தின் பொருளை எவர்க்கும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பட்டம் பெற்றதும் பெற்றோரின் மண்வெட்டிக்கு நாணும் இளைஞர்க்கே அது வேண்டும்.